அலுவலகக் கம்ப்யூட்டர் பாதுகாப்பின் மொத்தச் செலவைக் குறைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, கோவை, ஈரோடு என்று நான் போய்வரும் பனியன் கம்பெனிகளிலும் ஃபவுண்டரிகளிலும் நூல் கடைகளிலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் அரை மணி நேரம் சொன்னாலும் பாதி மறந்துபோகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். 10 முதல் 100 கம்ப்யூட்டர் வரை உள்ள இடங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போவதால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

1. செலவு என்றால் வாங்கிய விலைதானே? ‘மொத்தச் செலவு’ என்று தனியாக என்ன இருக்கிறது?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை மோட்டாரை வைத்துச் சொல்லிவிடலாம். மில்லில் மூன்று ஷிஃப்டும் ஓடுகிற ஒரு மோட்டார் தின்னும் கரண்ட், சில மாதங்களிலேயே அதன் விலையைத் தாண்டிவிடும். காயில் எரிந்தால் ரீவைண்டிங் கூலி. அது நின்ற ஷிஃப்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஆட்களின் சம்பளம். மோட்டார் வாங்கும்போது இதையெல்லாம் யோசிக்கிற முதலாளி, இணையத்திலிருந்து நெட்வொர்க்குக்குள் வருவதைச் சோதித்துத் தடுக்கும் ஃபயர்வால் பெட்டியை வாங்கும்போது மட்டும் கொட்டேஷனின் கடைசி வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

பாதுகாப்புக்கு ஆகும் செலவில் ஐந்து பங்கு இருக்கிறது. வாங்கிய விலை, ஆண்டுச் சந்தா, அதைக் கவனிக்கும் ஆளின் நேரம், கோளாறாலோ தாக்குதலாலோ வேலை நின்ற நேரம், நாளை வேறொன்றுக்கு மாற நினைத்தால் அதற்கு ஆகும் செலவு. கொட்டேஷனில் முதல் இரண்டுதான் இருக்கும், அதிலும் இரண்டாவது பல நேரம் சின்ன எழுத்தில் இருக்கும். நான் பார்த்த வரையில் பணம் அதிகம் போவது மூன்றிலும் நான்கிலும்தான்.

2. எங்களிடம் இருப்பது 12 கம்ப்யூட்டர். எங்களைப் போய் யார் தாக்கப் போகிறார்கள்?

உங்களை யாரும் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. இணையத்தில் உள்ள முகவரிகளை எல்லாம் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்கள் இருக்கின்றன. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது மட்டுமே அவற்றுக்கு வேண்டும். உள்ளே இருப்பது பெரிய மில்லா, நான்கு மேசை போட்ட நூல் கடையா என்பதை அவற்றை ஏவியவர்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நிரல் உலகமெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு, மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அந்தத் திருத்தத்துக்கு ஒரு ரூபாய்கூட விலை இல்லை. இரண்டு மாதமாக “அப்புறம் பார்க்கலாம்” என்று அப்டேட்டைத் தள்ளி வைத்தவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

3. சரி, செலவைக் குறைக்க எதில் தொடங்குவது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எங்கே இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார், எந்த விண்டோஸ், என்னென்ன லைசென்ஸ், எது எந்தத் தேதியில் முடிகிறது, அதில் இருக்கும் தகவல் போனால் யார் அழுவார்கள் என்று எழுதுங்கள். எக்ஸெல் தெரிந்தவர்கள் எக்ஸெலில் எழுதுங்கள். இரண்டு நாள் வேலை இது. எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்னும் இதை முடியுங்கள்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் இப்படி எழுதியபோது, 40 ஆன்டிவைரஸ் லைசென்ஸுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவதும், உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டர் 26 மட்டுமே என்பதும் தெரிந்தது. பழையவற்றைக் காயலான் கடைக்குப் போட்ட பிறகும் பட்டியலை யாரும் திருத்தவில்லை. அதே இடத்தில், செக்கிங் பகுதியின் மூலையில், பட்டியலிலேயே இல்லாத கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கேபினெட்டைத் திறந்தால் ஃபேனே தெரியவில்லை. பஞ்சுத் தூசி படிந்து கம்பளி போல் மூடியிருந்தது. விரலால் சுருட்டி எடுத்தால் ஒரு திரி திரிக்கலாம். விண்டோஸ் 7, பார்கோடு ஸ்டிக்கர் அச்சடிப்பதற்கு மட்டும். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. அந்தப் பெட்டி கணக்குப் பிரிவு இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருந்தது. ஒருபக்கம் இல்லாத 14 பெட்டிகளுக்குக் காவல் கூலி. இன்னொரு பக்கம் இருக்கிற பெட்டிக்குக் காவலே இல்லை.

நான் சொல்ல வருவது முழுவதும் இந்த ஒரு மூலையில் அடங்கும். காக்க வேண்டியது எது என்று தெரிந்து, காக்க வேண்டாததை எடுத்துவிட்டால் செலவு தானாக இறங்கும். கீழே வரும் பல பதில்களில் இதைத்தான் வேறு வேறு இடத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

4. விண்டோஸோடு வரும் இலவச ஆன்டிவைரஸ் போதாதா? காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

பத்து, பதினைந்து கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். நன்றாகவே வேலை செய்கிறது. அது அணைக்கப்படாமல் இருப்பதையும் அப்டேட் ஆவதையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை கூடும்போது காசு கொடுத்து வாங்குவதற்குக் காரணம் வேறு. எல்லாக் கம்ப்யூட்டர்களின் நிலையையும் ஒரே திரையில் பார்க்கலாம். 60 கம்ப்யூட்டரையும் ஓர் ஆள் நடந்து நடந்து பார்ப்பது 1-ஆம் பதிலில் சொன்ன மூன்றாவது பங்கு. அந்த நேரத்தின் சம்பளத்தைச் சந்தாவோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். ‘இலவசம்’ என்று இறக்கிக்கொள்ளும் பல ஆன்டிவைரஸ்கள் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள் என்பதையும் கவனியுங்கள்.

5. டூப்ளிகேட் விண்டோஸ் போட்டால் கம்ப்யூட்டருக்குப் பல ஆயிரம் மிச்சம் என்கிறாரே கடைக்காரர்?

அதை ஆக்டிவேட் செய்ய அவர் ஒரு சின்ன நிரலை ஓட்டுவார். ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைப்பார். முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்து, காவல்காரனையும் அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கிறோம். அதற்குள் என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

காசைக் குறைக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போதே விண்டோஸ் புரோ போட்டு வருவதை வாங்குங்கள். ஹோம் வாங்கிப் பிறகு புரோவுக்கு மாற்றினால் தனியாகச் செலவு. டெலிவரி சலான் அடிக்கவும் பிரவுசரில் பார்க்கவும் மட்டும் உள்ள மேசைகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸும் எம்.எஸ். ஆஃபீஸுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபீஸும் தாராளமாகப் போதும். இரண்டுக்கும் லைசென்ஸ் கட்டணம் கிடையாது.

6. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாம். எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது உண்மை. 3-ஆம் பதிலில் சொன்ன பட்டியலை எடுத்து மூன்று கூறாகப் பிரியுங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரும் இருந்தால் பொதுவாக விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே மாறலாம். பிரவுசர் வேலை மட்டும் உள்ளவற்றுக்கு லினக்ஸ் போடலாம். எம்பிராய்டரி இயந்திரத்தோடும் நிறம் பார்க்கும் கருவியோடும் கட்டிப்போட்ட பழைய பெட்டிகளை மாற்ற முடியாது. அவற்றின் இணையத்தைத் துண்டித்து, தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி வையுங்கள்.

நிறுவனங்கள் பணம் கட்டி ஆதரவை நீட்டிக்கலாம் என்பது உண்மைதான். மைக்ரோசாஃப்ட் அறிவித்த விலை ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும். மூன்று ஆண்டுதான் கிடைக்கும். 61, 122, 244 என்று கூட்டினால் 427 டாலர். அந்தப் பணத்தை வைத்து எண்ணிப் பாருங்கள், சாதாரண அலுவலக வேலைக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். உடனே மாற்ற முடியாத ஒன்றிரண்டு பெட்டிகளுக்கு ஓர் ஆண்டு அவகாசமாக மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

7. ஃபயர்வால் ஒருமுறை வாங்கினால் போதும் என்று நினைத்தோம். ஆண்டுதோறும் பணம் கேட்கிறார்களே, நியாயமா?

புதிய தாக்குதல்களின் அடையாளங்கள் அந்தச் சந்தாவில்தான் வந்து சேர்கின்றன. சந்தா முடிந்தால் பெட்டி நின்றுவிடாது, விளக்கும் எரியும். உள்ளே இருக்கும் தடுப்புப் பட்டியல் மட்டும் அன்றோடு நின்றுவிடும். அதனால் கேட்பது நியாயம்தான். வாங்கும்போதே அதைச் சொல்லாமல் விட்டதுதான் நியாயம் இல்லை.

ஐந்தாண்டுக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு பெட்டி 70,000 ரூபாய், முதல் ஆண்டுச் சந்தா அதிலேயே அடக்கம், பிறகு ஆண்டுக்கு 30,000. ஐந்தாண்டில் 1,90,000. இன்னொரு பெட்டி 95,000, மூன்றாண்டுச் சந்தா அடக்கம், பிறகு 22,000. ஐந்தாண்டில் 1,39,000. விலையை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். புதுப்பிக்கும் விலையை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி கையில் வந்த பிறகு பேரம் பேச நமக்கு இடம் இல்லை. இன்னொன்று, விளம்பரத்தில் இருக்கும் வேகம் பெரும்பாலும் தடுப்புகளை அணைத்துவிட்டு அளந்தது. தடுப்புகளைப் போட்ட பிறகு எவ்வளவு வேகம் என்று கேட்டு, அதை வைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள்.

8. பழைய கம்ப்யூட்டரில் இலவச ஃபயர்வால் போட்டால் காசே ஆகாது என்கிறான் என் தம்பி மகன். சரியா?

ஓபிஎன்சென்ஸ் போன்ற திறமூல (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்) ஃபயர்வால்கள் நல்லவை, நானும் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் லைசென்ஸ் இலவசம் என்றாலும் ஆளின் நேரம் இலவசம் ஆகாது. தம்பி மகன் நாளை பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் அதைத் தொடத் தெரிந்தவர் யார்? இரண்டு பேருக்காவது தெரியும், அமைப்பை எழுதி வைத்திருக்கிறோம் என்றால் தயங்காமல் போடுங்கள். இல்லை என்றால் 7-ஆம் பதிலின் இரண்டாவது பெட்டியே மலிவு.

9. சிசிடிவி பெட்டியும் இதில் சேர்த்தியா?

கட்டாயம். 2016-இல் மிராய் என்ற நிரல், தயாரிப்பாளர் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் வளைத்துப் பெரிய தாக்குதல்களை நடத்தியது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், அந்தப் பெட்டியை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவையுங்கள். செலவு ஒரு மணி நேரம்.

10. தினமும் பேக்கப் எடுக்கிறோம். பிறகு என்ன பயம்?

ஈரோட்டில் ஒரு நூல் வியாபாரியும் இதைத்தான் சொன்னார். எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, சர்வரிலேயே செருகி, ஒவ்வொரு நாள் மாலையும் தானாக நகல் ஆகும்படி வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவில் இருந்தவர் கம்ப்யூட்டரில் கம்பெனிக் கணக்கைத் திறக்கிறார், எதுவும் திறக்கவில்லை. சர்வரில் இருந்த கோப்புகளைப் பூட்டிய நிரல், செருகியிருந்த டிஸ்க்கையும் இன்னொரு டிரைவாகத்தான் பார்த்தது. அதையும் பூட்டிவிட்டது. ஐந்து மாதப் பில்களை டெலிவரி சலான்களிலிருந்தும் பேங்க் ஸ்டேட்மென்டிலிருந்தும் மீண்டும் ஏற்றினார்கள். மேசையெல்லாம் ரோஸ் நிறச் சலான் கட்டுகள். மூன்று பேர், பதினொரு நாள். மழையில் நனைந்து எழுத்து அழிந்த சலான்களுக்காக ஒவ்வொரு விசைத்தறிக்காரருக்கும் போன் போட்டுக் கேட்டார்கள். நான்கைந்து ஆயிரம் ரூபாயில் இன்னொரு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை மாற்றிச் செருகி, கழற்றியதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் போன வாரக் கணக்கோடு வேலை தொடங்கியிருக்கும்.

விதி எளிது. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அந்த மூன்றில் ஒன்று எந்த நேரமும் கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேக்கப்பிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் கணக்கைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. உங்களுடையது கம்பெனிகள் சட்டப்படி பதிவான நிறுவனம் என்றால் இது விருப்பம் சார்ந்ததும் இல்லை. மின்னணுக் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது.

11. ஆடிட்டர் அவருடைய அலுவலகத்திலிருந்தே கணக்கைப் பார்க்க ரிமோட் திறந்து வைத்திருக்கிறோம். தவறா?

மேலே சொன்ன ஈரோட்டுக்காரரின் கதவு இதுதான். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைத்தால், 2-ஆம் பதிலில் சொன்ன நிரல்கள் மணிக்கணக்கில் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். போர்ட் எண்ணை (அந்தக் கதவின் எண்) மாற்றினால் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

அதை மூடிவிட்டு வி.பி.என். என்ற பூட்டிய தனிப் பாதை வழியாக மட்டும் உள்ளே வர வையுங்கள். பல ஃபயர்வால்களில் அது ஏற்கெனவே இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். இல்லை என்றால் வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் இலவசம். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணையும் கேட்பது) போடுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள யோசனைகளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

12. பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. என்ன செய்வது?

அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே காரணம் இல்லாமல் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாதம் மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். இல்லை என்றால் மானிட்டரின் கீழே சீட்டில் எழுதி ஒட்டுவார்கள். மறந்தவர்களுக்கு மீட்டுக் கொடுப்பதும் ஆளின் நேரம்தான்.

நீளமான பாஸ்வேர்ட், ஓர் ஆளுக்கு ஒரு லாகின், கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் மாற்றுதல், மெயிலுக்கும் வங்கிக்கும் ஜி.எஸ்.டி. தளத்துக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. இதற்கெல்லாம் தனியாகப் பணம் இல்லை. நினைவில் வைக்க முடியாதவற்றுக்குக் கீபாஸ் போன்ற இலவசப் பாஸ்வேர்டுப் பெட்டகம் இருக்கிறது.

13. சப்ளையர் பெயரில் மெயில் வந்தது, அட்வான்ஸை வேறு வங்கிக்கு அனுப்பச் சொன்னது, அனுப்பிவிட்டோம். எந்த மென்பொருள் வாங்கினால் இது நிற்கும்?

இதை முழுமையாக நிறுத்தும் மென்பொருள் எதையும் நான் உங்களுக்கு விற்க மாட்டேன். அந்த மெயிலை அனுப்பிய முகவரியை உங்கள் மெர்ச்சண்டைசரோடு உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தோம். பெயரில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ‘ஆர்’, சின்ன ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றன. வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய மெயில்கள், பி.ஓ. (ஆர்டர்) எண், ஷிப்மென்ட் தேதி எல்லாம் சரியாக இருந்தன. ஏனென்றால் உங்களுடைய மெயில் பெட்டியையோ அவர்களுடையதையோ யாரோ பல நாள் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து ஒரு நடைமுறை. வங்கிக் கணக்கு மாறுகிறது என்று எந்த மெயில் வந்தாலும், ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, பழகிய குரலிடம் கேட்ட பிறகுதான் பணம் போக வேண்டும். அந்த மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்யக் கூடாது. முதலாளியே அவசரம் என்று சொன்னாலும் கணக்குப் பிரிவுக்காரர் மறுக்கலாம் என்று முதலாளியே எல்லோர் முன்னும் சொல்லிவைக்க வேண்டும். கூடவே உங்கள் டொமைனுக்கு (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று பதிவுகளைப் போட்டுவிட்டால் உங்கள் டொமைனிலிருந்தே வந்தது போல மற்றவர்களை ஏமாற்றுவது கடினமாகும். இந்தப் பதிவுகளுக்கும் கட்டணம் இல்லை. பணம் போய்விட்டால் உடனே உங்கள் வங்கிக்கும் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள். சில மணி நேரம் கடந்தாலே பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும்.

14. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுத்திருக்கிறோமே, பாதுகாப்பும் அதில் வந்துவிடாதா?

ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் பிரிண்டர் ரிப்பேரும் ஹார்டுவேர் மாற்றமும்தான் இருக்கும். அப்டேட் யார் பார்ப்பது, பேக்கப்பைத் திறந்து சோதிப்பது யார், ஞாயிற்றுக்கிழமை இரவு அழைத்தால் எத்தனை மணிக்குள் வருவார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரு கவரில், அரக்கு வைத்து, உங்கள் பீரோவில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஏ.எம்.சி.காரரை மாற்ற முயன்றால் 1-ஆம் பதிலின் ஐந்தாவது பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

முழுநேர ஆள் வைக்கும் அளவுக்கு வேலை இல்லாத இடங்களுக்கு ஒரு யோசனை. நொய்யல் கரையில் சாயப்பட்டறைகள் தனித்தனியாகச் செய்ய முடியாத வேலைக்குச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன. அது போல ஒரே வீதியில் இருக்கும் நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து நல்ல ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வோர் இடம். போட்டியாளர் ரகசியம் தெரிந்துவிடும் என்று தயங்குவார்கள். ஆடிட்டரும் பல பேருக்குப் பொதுவானவர்தானே என்று நான் கேட்பேன். எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் நிறுவனத்துக்கு ஒரு தனி அட்மின் லாகினும் இருந்தால் போதும்.

15. எல்லாவற்றையும் கிளவுடில் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வரில்) போட்டுவிட்டால் செலவு குறையுமா?

சில இடங்களில் குறையும். சர்வர் அறையின் ஏ.சி., யு.பி.எஸ். பேட்டரி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் மிச்சம். ஆனால் தலைக்கு மாதம் இவ்வளவு என்பதை 60 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை மூடாமல் பணம் கட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் ஏராளம். அது வீண் செலவும்கூட, திறந்து கிடக்கும் கதவும்கூட. மாதம் ஒருமுறை சம்பளப் பட்டியலையும் லாகின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கிளவுடுக்குப் போனாலும் பாஸ்வேர்டும் யாருக்கு எந்த அனுமதி என்பதும் உங்கள் பொறுப்புதான். இணைய இணைப்பு இரண்டு வேண்டும். வெளியேறும்போது தகவலை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்று சேரும்போதே கேளுங்கள்.

16. முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். “இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே கண்ணு” என்கிறார். எப்படி விளக்குவது?

வைரஸைப் பற்றிப் பேசாதீர்கள், அவருக்குத் தெரிந்த கணக்கைப் பேசுங்கள். கம்ப்யூட்டர் மூன்று நாள் நின்றால் என்ன ஆகும் என்று அவரையே சொல்ல வையுங்கள். பேக்கிங் லிஸ்ட் வராது. இன்வாய்ஸ் விவரம் உள்ளே பூட்டிக் கிடந்தால் இ-வே பில் போட முடியாது, தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கன்டெய்னர் கேட்டிலேயே நிற்கும். கப்பல் தவறினால் பையர் (சரக்கை வாங்குபவர்) ஏர் ஃபிரெய்ட்டில், அதாவது விமானத்தில், அனுப்பச் சொல்வார், அதுவும் உங்கள் செலவில். ஒரே ஒரு ஷிப்மென்டைக் கடலிலிருந்து ஆகாயத்துக்கு மாற்றிய அனுபவம் உள்ள எந்தத் திருப்பூர் முதலாளிக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் 3, 10, 11, 13 பதில்களில் சொன்னவற்றுக்கு ஆகும் செலவை எழுதுங்கள். இரண்டு டிஸ்க்கும் சில நாள் உழைப்பும்தான் அங்கே இருக்கும்.

17. சைபர் இன்சூரன்ஸ் எடுத்தால் இதெல்லாம் வேண்டாமே?

பாலிசிக்கான படிவத்திலேயே இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறதா, பேக்கப் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லாததை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் கிளெய்ம் நேரத்தில் அதையே காட்டி மறுக்கலாம். அடிப்படை வேலைகளை முடித்த பிறகு, எதெல்லாம் சேராது என்ற பக்கத்தை முழுவதும் படித்துவிட்டு எடுங்கள்.

18. சட்டம் ஏதாவது கேட்கிறதா? அதற்கும் தனிச் செலவா?

இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 28-இல், கம்ப்யூட்டர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, அதில் சொல்லப்பட்ட வகைத் தாக்குதல்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை (யார் எப்போது நுழைந்தார், என்ன நடந்தது என்று கருவிகள் தானாகக் குறிப்பவை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். அடுத்தது, 2023-இன் மின்னணு வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தக்க பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

இதில் செலவைக் குறைக்க 3-ஆம் பதிலின் வழியே போகலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போன தொழிலாளர்களின் ஆதார் நகல்கள் எத்தனை கம்ப்யூட்டர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கிடக்கின்றன என்று பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்ற சட்டக் கடமைக்கு வேண்டியதை ஒரே இடத்தில் பூட்டி வைத்து, மீதியை அழியுங்கள். நம்மை நம்பிக் கொடுத்த ஏழைகளின் காகிதம் அது. சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

19. எல்லாம் பூட்டிவிட்டார்கள், பணம் கேட்கிறார்கள். கொடுத்துவிடுவதுதான் மலிவு என்று தோன்றுகிறது. கொடுக்கலாமா?

கொடுத்தால் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திறந்தாலும் அவர்கள் நுழைந்த கதவு அப்படியே இருக்கும், நீங்கள் பணம் கொடுப்பவர் என்பதும் தெரிந்துவிடும். முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பதற்றத்தில் ஃபார்மட் செய்யாதீர்கள், எப்படி வந்தார்கள் என்ற தடயம் அதில்தான் இருக்கிறது. 18-ஆம் பதிலின் 6 மணி நேரம் நினைவில் இருக்கட்டும்.

2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசாரும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. உங்களுக்கு வந்த வகை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இன்று இல்லாவிட்டாலும் பூட்டிய டிஸ்க்கைப் பத்திரமாக வையுங்கள், பிறகு சாவி வரலாம். கழற்றி வைத்த பேக்கப் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

20. பழைய கம்ப்யூட்டர்களை விற்கிறோம். அதோடு செலவு முடிந்தது அல்லவா?

இன்னும் ஒரு வேலை பாக்கி. டிஸ்க்கில் கணக்கும் பாஸ்வேர்டும் பையரின் டிசைனும் இருக்கும், ஃபார்மட் செய்தாலும் மீட்டுவிடுவார்கள். பெட்டியை விற்கலாம், டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். சுழலும் பழைய டிஸ்க் என்றால் டிரில்லிங் மெஷினில் தட்டுகளின் ஊடே மூன்று நான்கு துளை. எஸ்.எஸ்.டி. என்றால் உள்ளே இருக்கும் சில்லுகள் ஒவ்வொன்றும் உடைய வேண்டும். கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது ஒரு லேத் பட்டறையில் பத்து நிமிட வேலை, பக்கத்தில் நின்று பாருங்கள். மிச்சத்தை அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குக் கட்டிவந்த லைசென்ஸையும் நிறுத்துங்கள்.